கிலுக்காத பாம்பும் மோப்பம் பிடிக்கும் நாயும்

கேள்வி: ஐயா, நான் ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் மரவள்ளியும் போட்டிருக்கிறோம். காட்டுப்பன்றி எதையும் மிச்சம் வைப்பதில்லை. அதனால் அந்தி சாயும்போது இரண்டு நாய்களைக் கூட்டிக்கொண்டு பன்றி விரட்டப் போவேன். போன மாதம் ஒரு நாயின் மூக்கில் பாம்பு கடித்துவிட்டது. அது குரைக்கவில்லை, உறுமவும் இல்லை. சருகுக்குள் மூக்கை விட்டது, உடனே கத்திக்கொண்டு பின்வாங்கியது. முகம் வீங்கி நாட்கணக்கில் சாப்பிடாமல் கிடந்து, எப்படியோ பிழைத்துக்கொண்டது. நாய்க்குப் பாம்பு வாசம் முன்கூட்டியே தெரியும் என்றுதானே பெரியவர்கள் சொல்வார்கள்? அமெரிக்க வேட்டைக்காரர்களின் வீடியோ ஒன்றில் பாம்பு வாலைக் கிலுக்குகிறது, நாய் ஒதுங்கிப் போகிறது. நாய்களுக்குத் தடுப்பூசியும் போடுகிறார்களாம். எங்கள் பாம்பு ஏன் எச்சரிக்கவில்லை? எங்கள் நாய் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

— ஒரு வாசகர், ஹல்துமுல்லை

பதில்: அன்பு வாசகரே, நாய் பிழைத்ததில் மகிழ்ச்சி. பாம்பின் மீது ஒரு புகார், நாயின் மீது ஒரு புகார் என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இருவர் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுவோம்.

முதலில் அந்த வீடியோப் பாம்பு. அது கிலுகிலுப்பைப் பாம்பு. கனடாவின் தென்பகுதியிலிருந்து அர்ஜென்டினா வரை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. இலங்கையில் இல்லை, இந்தியாவிலும் இல்லை. அதன் வால் நுனியில் கெரட்டின் வளையங்கள் ஒன்றோடொன்று கோத்தபடி தளர்வாக நிற்கும். கெரட்டின் என்பது நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே பொருள். பாம்பு சட்டை உரிக்கும்போதெல்லாம் ஒரு வளையம் கூடும். வாலை வேகமாக அதிர்த்தினால் வளையங்கள் உரசிச் சத்தம் எழும். பெரிய விலங்குகள் தன்னை மிதித்துவிடாமல் இருக்க அது செய்யும் அறிவிப்பு அது.

கிலுகிலுப்பைப் பாம்புதான் இங்கே இல்லை, அதன் உறவுக்காரர் இருக்கிறார். விரியன்களுக்குள் குழிவிரியன் என்று ஒரு பிரிவு உண்டு. கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் சிறு குழி இருப்பதால் அந்தப் பெயர். கிலுகிலுப்பைப் பாம்பு இந்தப் பிரிவைச் சேர்ந்தது. சிங்களத்தில் குணகட்டுவா என்றும் பொலன் தெலிஸ்ஸா என்றும் சொல்லப்படும், மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய சிறு பாம்பும் இதே பிரிவுதான். இலங்கையில் குணகட்டுவாவில் மூன்று இனங்கள் உள்ளன. ஒன்று மத்திய மலைநாட்டுக்கே உரியது. சத்தமில்லாமல் சருகுக்குள் கிடந்து மூக்கில் கடித்தது என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழுகிறது. பாம்பைக் காணாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இனி பெரியவர்கள் சொன்னது. நாயின் மூக்கு பாம்பைக் கண்டுபிடித்துவிடும் என்பது பாதி உண்மை. பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவில் மரப்பாம்பு ஒன்று வெளியிலிருந்து வந்து பெருகி, உள்ளூர்ப் பறவைகளை அழித்தது. அது கப்பல், விமானச் சரக்குகளோடு வேறு தீவுகளுக்குப் போய்விடாமல் தடுக்க அங்கே மோப்ப நாய்களை வைத்துச் சரக்குகளைச் சோதிக்கிறார்கள். ஆகவே நாயின் மூக்குக்குத் திறமை போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

மீதிப் பாதியில்தான் சிக்கல். குவாம் நாய்களுக்கு அந்த வாசனையைத் தேடு, கண்டால் சொல்லு என்று மாதக்கணக்கில் பழக்கியிருக்கிறார்கள். உங்கள் நாய்க்கு யாரும் அப்படிப் பழக்கவில்லை. அதற்குப் பாம்பு வாசம் என்பது உடும்பு வாசம், எலி வாசம், தவளை வாசம் போல இன்னொரு புது வாசம். புது வாசம் வந்தால் நாய் கிட்டப்போய் முகர்ந்து பார்க்கும். ஆபத்து என்று ஒதுங்காது. நாம் கையால் தொட்டுப் பார்க்கும் வேலையை அது மூக்கால் செய்கிறது. நாய்களுக்குப் படும் பாம்புக்கடிகளில் பெரும்பாலானவை முகத்திலும் முன்னங்காலிலும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு, இதைக் கேட்டால் உங்கள் நாயின் மேல் உள்ள கோபம் குறைந்துவிடும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் பஃப் அடர் என்னும் விரியனை வைத்து 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற நாய்களையும் கீரிக் குடும்பத்தைச் சேர்ந்த மீர்காட்களையும் முகரவிட்டபோது, அலைந்து திரிந்து இரை தேடும் பாம்புகளின் வாசத்தை அவை கண்டுகொண்டன. ஓரிடத்தில் பதுங்கிக் கிடக்கும் அந்த விரியனின் வாசத்தை மட்டும் கண்டுகொள்ளவில்லை. நாட்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும் பிராணிக்கு வாசமும் ஒரு காட்டிக்கொடுப்பான். அதை மறைத்துக்கொண்டால்தான் பிழைப்பு. நம் குணகட்டுவாவும் அதே மாதிரிப் பதுங்கி வாழும் பாம்புதான்.

ஆக, உண்மையான காரணம் பாம்பின் பிழைப்பு முறையில் இருக்கிறது. படிப்படியாகப் பார்ப்போம்.

முதலாவது, அது ஓடாது. சாரையும் நல்ல பாம்பும் ஆள் நடமாட்டத்தின் அதிர்வை நிலத்தில் உணர்ந்து விலகிப் போய்விடும். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தரையின் அதிர்வு நன்றாகத் தெரியும். குணகட்டுவாவுக்கும் அதிர்வு தெரிகிறது. ஆனால் அது போட்டுக்கொள்ளும் கணக்கு வேறு: அசைந்தால் மாட்டிக்கொள்வோம், அசையாமல் இருந்தால் தப்புவோம். உடல் நிறம் சருகின் நிறம். நீளம் பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள். பகலில் சருகுக்கடியிலோ விறகுக் குவியலிலோ சுருண்டு, தலையைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வைத்துக் கிடக்கும். இரவில்தான் தவளையும் பல்லியும் அரணையும் தேடும்.

இரண்டாவது, அது சத்தமாக எச்சரிக்காது. நல்ல பாம்பு படம் எடுக்கும். கண்ணாடி விரியன், அதாவது தித் பொலங்கா, குக்கர் விசில் போலச் சீறும். இவை இரண்டின் முன்னால் நாய் தூரத்தில் நின்று குரைப்பதைப் பார்த்துத்தான் நாய்க்குப் பாம்பு தெரியும் என்ற பேச்சே வந்திருக்க வேண்டும். அங்கே நாயை எச்சரித்தது பாம்பு, பெயர் வாங்கியது நாய். குணகட்டுவா சீண்டப்பட்டால் வால் நுனியை அதிர்த்தும், ஆனால் அதில் கிலுக்கு இல்லை. காய்ந்த இலையில் பட்டால் ஒரு சிறு சரசரப்பு கேட்கும், ஈரச் சருகில் அதுவும் கேட்காது. பல பாம்புகளுக்கு இந்த வாலதிர்ப்புப் பழக்கம் உண்டு. இதிலிருந்துதான் அமெரிக்கப் பாம்பின் கிலுக்கு பரிணமித்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உறவுக்காரரிடம் பழக்கம் இருக்கிறது, வாத்தியம்தான் இல்லை.

மூன்றாவது, அந்த முகக்குழி. குழிக்குள் ஒரு மெல்லிய சவ்வு, அதில் நரம்பு முனைகள். சுற்றுப்புறத்தைவிடச் சூடான எதுவும் அருகில் வந்தால் அந்தச் சவ்வு உணர்ந்துவிடும். மையிருட்டிலும் சூடான உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். நாயின் வெதுவெதுப்பான முகம் விரற்கடை தூரத்தில் வந்து நின்றால், கடிக்கக் குறி பார்க்க வேண்டிய சிரமம்கூட அதற்கு இல்லை.

ஓடாத, கூவாத, இருட்டிலும் குறி தவறாத ஒரு பாம்பு. எதையும் மூக்கால் விசாரிக்கும் ஒரு நாய். இரண்டும் ஒரே சருகுக் குவியலில் சந்தித்தால் நடப்பதுதான் நடந்திருக்கிறது. இதில் யார் மீதும் குற்றமில்லை.

உங்கள் ஊரின் அமைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹப்புத்தளை 1,400 மீட்டர் உயரத்தில் குளிரில் இருக்கிறது. அங்கிருந்து கொஸ்லந்தை வழியாக இறங்கி வெல்லவாயவுக்குப் போனால் ஒரே நாளில் இரண்டு தேசம் பார்த்த மாதிரி. பாம்புகளும் அப்படித்தான் மாறுகின்றன. தேயிலைச் செடிக்குள் பச்சை நிறக் குழிவிரியன் இருக்கும். சிங்களத்தில் பலா பொலங்கா, இலங்கைக்கே உரிய இனம். கொழுந்து எடுக்கும் கையில் கடிப்பது பெரும்பாலும் இதுதான். செடிக்கு அடியில், கவ்வாத்து வெட்டிய மிலாறு குவிந்த இடத்தில், கல் அடுக்குகளின் இடுக்கில் குணகட்டுவா. கீழே வெல்லவாய பக்கத்து வயலிலும் சேனையிலும் கண்ணாடி விரியன். நல்ல பாம்பு எலி இருக்கும் இடமெல்லாம் வரும். நாயோடு சரிவில் இறங்க இறங்க, எதிர்பார்க்க வேண்டிய பாம்பும் மாறிக்கொண்டே போகும்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. எச்சரிக்கை பாம்பிடமிருந்து வராது, நாயிடமிருந்தும் வராது என்று ஆகிவிட்டது. மிஞ்சுவது நீங்கள்தான்.

தடி எடுத்துப் போங்கள், ஆனால் தரையில் தட்டிக்கொண்டு போவதோடு நிறுத்தாதீர்கள். தட்டினால் சாரை ஓடும், குணகட்டுவா ஓடாது. கால் வைக்கப்போகும் சருகை, தாண்டப்போகும் விழுந்த மரத்தின் மறுபக்கத்தை, தடி நுனியால் கிளறிப் பாருங்கள். பாம்பு பாய்ந்து கடிக்கும் தூரம் பொதுவாக அதன் உடல் நீளத்தில் பாதிதான். ஆகவே நீளமான தடியும் இரண்டு மீட்டர் இடைவெளியும் இருந்தால் எந்தப் பாம்பானாலும் உங்களை எட்டாது.

முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்துப் போடுங்கள். இந்தச் சிறு பாம்பின் கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் கைவிரலிலும்தான் படுகிறது. செருப்போடு அந்தியில் சரிவில் இறங்குவது அதற்கு அழைப்பு வைப்பதற்குச் சமம். வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் டோர்ச் நல்லது, இரண்டு கையும் ஓய்வாக இருக்கும்.

நாயைக் கயிறில் வைத்துக்கொள்ளுங்கள். பாதையில் போகும்போது குட்டைக் கயிறு, திறந்த தோட்டத்துக்கு வந்தபின் அவிழ்த்துவிடலாம். மானாப்புல் அடர்ந்த ஓரங்களிலும் பன்றி கிளறிப்போட்ட சருகிலும் அவிழ்த்துவிடாதீர்கள். கழுத்தில் ஒரு மணி கட்டுவது நல்ல பழக்கம். மணி பாம்பை விரட்டாது. நாய் எங்கே நின்று எதை முகர்கிறது என்று இருட்டில் உங்களுக்குச் சொல்லும், அவ்வளவுதான்.

இவற்றிலெல்லாம் பெரியது “விடு” என்ற ஒரு சொல்லுக்கு நாயைப் பழக்குவது. அமெரிக்காவில் வாய்கட்டிய பாம்பையும் மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டியையும் வைத்துப் பழக்குகிறார்கள். வீட்டில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். உயிருள்ள பாம்பைப் பிடித்து வைத்து நாய்க்குப் பாடம் எடுக்கப் போனால், பாடம் உங்களுக்குக் கிடைத்துவிடும். கருவாட்டுத் துண்டைத் தரையில் போட்டு, நாய் நெருங்கும்போது “விடு” என்று சொல்லுங்கள். விட்டுவிட்டு உங்களிடம் வந்தால் அதைவிட ருசியான ஒன்றைக் கையால் கொடுங்கள். பிறகு தவளை, ஓணான் கண்ட இடத்திலும் அதையே பழக்குங்கள். சருகுக்குள் அது ஆர்வமாக மூக்கை நீட்டும் கணத்தில் அந்தச் சொல்லுக்குத் திரும்பி வந்தால், பாதி ஆபத்து தீர்ந்தது.

தடுப்பூசி கேட்டீர்கள். அமெரிக்காவில் அப்படி ஒன்று உண்டு, மேற்கத்திய வைரமுதுகுக் கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சைக் கொண்டு செய்தது. அது எவ்வளவு பலன் தருகிறது என்பதில் அந்த நாட்டு மிருக வைத்தியர்களே ஒரு கருத்தாக இல்லை. நம் பாம்புகளின் நஞ்சு வேறு. அந்த ஊசியைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கடிபட்ட பிறகு போடும் நச்சுமுறி மருந்து, அதாவது நஞ்சை முறிக்கும் ஊசி, வேறு விஷயம். இலங்கைக்கு அது இந்தியாவிலிருந்து வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்கு எதிராகச் செய்யப்பட்ட மருந்து. அதற்கான நஞ்சைப் பல ஆண்டுகளாகச் சேகரித்துக் கொடுத்து வருவோரில், மாமல்லபுரத்துக்கு அருகே 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு முக்கிய இடம் உண்டு. அந்த நால்வர் பட்டியலில் குணகட்டுவா இல்லை, பலா பொலங்காவும் இல்லை. அந்த மருந்து இவற்றின் கடிக்கு உதவாது. ஒவ்வாமை ஆபத்தை மட்டும் கூட்டும். அதனால்தான் கடித்தது எந்தப் பாம்பு என்று தெரிவது வைத்தியருக்கு அவ்வளவு முக்கியம். தூரத்தில் நின்று ஃபோனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். வெட்டுண்ட தலையும் சிறிது நேரம் கடிக்கும்.

நாயைக் கடித்தால் செய்ய வேண்டியவை சில. கழுத்துப்பட்டியை உடனே கழற்றுங்கள், முகம் கழுத்துவரை வீங்கும்போது அது தூக்குக் கயிறாகிவிடும். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள், ஓடினால் நஞ்சு வேகமாகப் பரவும். வலியில் உள்ள நாய் எஜமானையும் கடிக்கும், சாக்கில் சுற்றித் தூக்குவது நல்லது. கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது, விஷக்கல் ஒட்டுவது எதுவும் வேண்டாம். நம் வீட்டுப் பெனடோலையும் கொடுக்காதீர்கள். பரசிட்டமோல் நாயின் ஈரலைக் கெடுக்கும். இபுப்ரோஃபன், அஸ்பிரின் வகைகள் இரத்தக் கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் கூட்டும். மிருக வைத்தியருக்கு முதலில் ஃபோன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள். குணகட்டுவாக் கடிக்கு அவர் சேலைனும் வலி மருந்தும் கொடுத்து, புண்ணையும் சிறுநீரையும் கவனிப்பார். வீக்கம் வடிந்தாலும் அடுத்த சில நாட்கள் சிறுநீர் போகிறதா, அதில் இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களைக் கடித்தால் கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 1990 சுவசெரிய ஆம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். தியத்தலாவை ஆதார வைத்தியசாலையோ பதுளை வைத்தியசாலையோ, எதுவானாலும் நேராக அங்கே போங்கள். வழியில் விஷகடி வைத்தியர் வீட்டில் நிற்க வேண்டாம். வைத்தியசாலையில் உங்கள் இரத்தத்தைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் ஆடாமல் வைப்பார்கள். உறைந்தால் நல்லது, உறையாவிட்டால் நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். குணகட்டுவாக் கடியில் உயிர் போவது அரிது. ஆனாலும் சிலருக்கு இரத்தம் உறையாமல் போகிறது, சிறுநீரகம் கெடுகிறது. “சின்னப் பாம்புதானே” என்று லயத்தில் படுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. 2012-13இல் இலங்கை முழுவதும் எடுத்த வீட்டு ஆய்வின்படி ஓராண்டில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடித்திருக்கிறது. சுமார் 30,000 பேருக்கு நஞ்சேறியது, 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வைத்தியசாலைப் பதிவேட்டில் வராத கடிகளையும் சேர்த்த கணக்கு இது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நாயோடு வேட்டையாடும் பழக்கத்தை நம் மலையில் பெரிதாகப் பேசவைத்தவர் சாமுவேல் பேக்கர். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்க்கூட்டத்தை வைத்து மரை வேட்டையாடி, அதைப் புத்தகமாகவும் எழுதினார். அந்தக் காலம் போய்விட்டது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரை பாதுகாக்கப்பட்ட விலங்கு. உங்களுக்கு மேலே உள்ள ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. நாய் மரையின் பின்னால் ஓடினால் கேள்வி நாயிடம் கேட்கமாட்டார்கள். பன்றிக்குச் சுருக்குக் கம்பியும் வைக்காதீர்கள். அதில் சிறுத்தையும் மாட்டுகிறது, உங்கள் நாயும் மாட்டும்.

பன்றியைத் தோட்டத்திலிருந்து விரட்டினால் போதும், காட்டுக்குள் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. நாயைக் கயிறில் பிடித்து, தோட்ட எல்லையில் நின்று, சத்தமும் வெளிச்சமும் காட்டி விரட்டுங்கள். சருகு மண்டிய பகுதிக்குள் நீங்களும் போக வேண்டாம், நாயையும் விட வேண்டாம். லயத்தைச் சுற்றி மிலாற்றையும் விறகையும் தரையில் குவிக்காமல் உயர்த்தி அடுக்கி வையுங்கள். இவ்வளவும் செய்தால் குணகட்டுவாவுக்கும் உங்கள் நாய்க்கும் இனிச் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.